ஒரே மத்தியானம், ஆறு சட்டை

குடும்ப குரூப்பில் சின்ன மருமகள் தினம் ஒரு படம் போடாவிட்டால் அன்றைக்குப் பொழுதே விடியாது. இது பெரிய மருமகளின் அபிப்பிராயம்.

மாமனார் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மாமனார் பேப்பர் படிக்கிறார். மாமனார் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார், அது அவர் நெற்றியிலேயே இருக்கிறது. உடனே சொந்தபந்தமெல்லாம் வரிசைகட்டி வந்து சிவப்பு இதயங்களைக் கொட்டிவிட்டுப் போகும். ‘மருமகள்னா இப்படி இருக்கணும்’ என்று யாராவது ஒரு சித்தி எழுதாமல் இருந்ததில்லை.

இன்னொரு மருமகள் எப்படி இருக்கிறாள் என்று யாரும் எழுதவில்லை. எழுதாததும் பெரியவளுக்கு நன்றாகப் படிக்க வந்தது.

இத்தனைக்கும் அவள் இருப்பது இரண்டே பஸ் ஸ்டாப் தள்ளி. மூட்டு வலி, மழை, விருந்தாளி, மறுபடியும் மூட்டு வலி என்று நாலு மாதமாக அந்தப் பக்கம் போக முடியவில்லை. பாவம், அவ்வளவு கஷ்டம்.

இன்றைக்கு மூட்டு வலி திடீரென்று சரியாகிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் அந்த நல்ல மருமகளின் சாயம் வெளுத்துவிடும் என்று ஒரு யோசனை வந்ததுதான் மருந்து.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சின்னவளிடமிருந்து போன். பெரியவள் எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தது. பெருமை பேசத்தான் இருக்கும், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. மணி அடிக்கப் போனவள், ஜன்னல் வழியே வந்த பேச்சைக் கேட்டு அப்படியே நின்றாள்.

“மாமா, ஞாயித்துக்கிழமை முடிஞ்சுது. இனிமே நீங்க ஷேவ் பண்ணிக்கலாம்.”

“செவ்வாய்க்கு எந்தச் சட்டைம்மா?”

“கோடு போட்டது. புதனுக்கு நீலம்.”

“புதன்கிழமை எப்படிச் சிரிக்கணும்?”

“செவ்வாய்க்கிழமையை விடக் கொஞ்சம் கம்மியா.”

எட்டிப் பார்த்தாள். கட்டிலில் இஸ்திரி போட்ட சட்டைகள் வரிசையாக இருந்தன. சின்னவள் நாற்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பிவிட்டு இறங்கினாள். பால்கனியில் ஒரே ஒரு தொட்டிச் செடி மூன்று நாளைக்கான தண்ணீரை ஒரே மத்தியானத்தில் குடித்துவிட்டுத் தலை தொங்கி நின்றது.

கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாமனார், சட்டை மாற்றி மாற்றி வந்து உட்கார்ந்தார். ஐந்து சட்டை ஆயிற்று. ஆறாவது, பெரியவள் இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிக் கொடுத்தது. அது மட்டும் மடிப்புக் கலையாமல், அட்டையும் குண்டூசியுமாகத் தனியே கிடந்தது.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் கை தன் வேலையைப் பார்த்தது. அத்தனையும் அவள் போனில் வீடியோவாகப் பதிவாகியிருந்தது.

‘நம் வீட்டு நல்ல மருமகள் தினசரிப் படம் தயாரிக்கும் அழகைக் காணுங்கள்’ என்று கீழே ஒரு வரி எழுதினாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் முகம் போகிற போக்கைப் பார்க்காமல் அனுப்பினால் என்ன ருசி என்று உள்ளே நுழைந்தாள்.

“படப்பிடிப்பெல்லாம் நல்லா நடக்குதா?”

சின்னவள் திடுக்கிடவில்லை. “வந்துட்டீங்களாக்கா. மூணு தடவை போன் பண்ணேனே.”

“எதுக்கு, நானும் வந்து கைதட்டவா? இதோ, இதை குரூப்ல போடப் போறேன். சித்தி பாக்கட்டும். வெளிநாட்டுல இருக்கற நம்ம நாத்தனாரும் பாக்கட்டும்.”

இப்போது சின்னவள் முகம் வெளுத்தது. “அக்கா, அவ பாக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவும்.”

மாமனார் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்துகொண்டார். “நாளைக்குக் காலையில எனக்கு நெஞ்சுல ஆபரேஷன்மா. நேத்துதான் டாக்டர் சொன்னார். ஆறு நாள் ஆஸ்பத்திரியில இருக்கணுமாம். அங்க உன் நாத்தனாருக்கு எட்டு மாசம். படுக்கையை விட்டு எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காங்க. கண்ணு முழிச்சதும் அப்பா போட்டோவைத்தான் தேடுவா. ஒருநாள் வரலைன்னாலும் அவ பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவா.”

“போன்ல பேசுவாளே?”

“குரலை ஆஸ்பத்திரியில இருந்தும் குடுத்துக்கலாம். இந்த மூஞ்சிக்குத்தான் முன்கூட்டியே ஏற்பாடு.”

சின்னவள் தணிந்த குரலில் சொன்னாள். “உங்க வீட்டுக்காரர்கிட்ட என் வீட்டுக்காரர் காலையிலயே ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாருக்கா. உங்ககிட்ட நானே சொல்றேன்னுதான் கூப்பிட்டேன்.”

பெரியவள் வீடியோவை அழித்தாள். அதற்கு ஒரு நொடிதான் ஆயிற்று. காது மடல் சூடு தணியத்தான் நேரம் பிடித்தது. அவமானமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க எதையாவது பேச வேண்டும்போல் இருந்தது.

“அதெல்லாம் சரி. நான் வாங்கிக் குடுத்த சட்டையை மட்டும் ஏன் ஒதுக்கி வச்சிருக்கே?”

“ஒதுக்கலைக்கா. அது சனிக்கிழமைக்கு. உங்களோட சேர்ந்து நிக்கறப்ப போட்டுக்கறேன்னு மாமாதான் எடுத்து வச்சார். நீங்க வருவீங்களான்னுதான் தெரியலை.”

“என்னோட எதுக்கு?”

மாமனார் அந்தச் சட்டையிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

“அவ தினமும் கேப்பாம்மா, ‘பெரிய அண்ணி வந்தாங்களாப்பா’ன்னு. ‘இப்பத்தான் வந்துட்டுப் போனா’ன்னு நாலு மாசமா நானும் சொல்லிட்டிருக்கேன்.”