நாலு கிலோ

தராசுக் கொக்கியில் படகைத் தூக்கி மாட்டியதுமே அண்ணன் ஓரக்கண்ணால் தங்கையைப் பார்த்தார்.

கிளப் பந்தயத்தில் பெரிதும் சிறிதுமாகப் பல பாய்மரப் படகுகள் ஓடும். அதனால் ஒவ்வொன்றையும் எடை போட்டு, அளந்து, ஓர் எண் கொடுப்பார்கள். மெதுவான படகுக்குச் சில நிமிடங்கள் சலுகை. முதலில் வந்தவர், கணக்குப் போட்டு முடிக்கும்போது மூன்றாவதாகி முழித்துக்கொண்டு நிற்பார்.

அப்பாவுக்கு அந்தக் கணக்கே ஆகாது.

அதனால்தான் ஒரே வரைபடம், ஒரே பலகை, ஒரே அளவுப் பாய் என்று மகனுக்கு ஒன்றும் மகளுக்கு ஒன்றுமாக இரண்டு படகுகள் செய்தார். முதலில் கரை தொட்டவர் ஜெயித்தவர். பேச்சுக்கே இடமில்லை.

முதல் இரண்டு கோடையும் அண்ணனுக்குத்தான் வெற்றி. தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டே பாயைச் சுருட்டுவாள். மூன்றாவது கோடையிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை.

"படகு ஒண்ணுதான் அண்ணா. ஆள்தான் வேற."

அன்று ஆரம்பித்தவள், பேரன் பேத்தி எடுத்த பிறகும் விடவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால்கூடச் சொல்லிக் காட்டினாள்.

அண்ணன் சிரித்து வைப்பார். பதில் அவருடைய படகின் முன்மூலையில் இருந்தது.

பதினாறு வயதில், ஓட்டை அடைக்கத் தலையை உள்ளே நுழைத்தபோதுதான் பார்த்தார். நாலு கிலோ ஈயக்கட்டி. அப்பாவின் பழைய சட்டைத் துணியில் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. கணக்கே ஆகாத அப்பா!

அன்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஜெயித்துவிட்டு அவள் கரையில் போடும் ஆட்டத்தைப் பார்த்து அப்பா சிரிப்பாரே, அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டார். தோற்கும்போதெல்லாம் அந்த நாலு கிலோதான் ஆறுதல். அப்பா போய் இருபது வருடமாகியும் அதைத் தொடவில்லை.

இன்று முதல்முறையாக இரண்டு படகையும் கிளப் பந்தயத்தில் சேர்க்க எடை போடுகிறார்கள்; குட்டு வெளிப்பட்டுவிடும். அவள் இத்தனை வருடம் அடித்துக்கொண்ட தம்பட்டமெல்லாம் பத்து பேர் முன்னால் ஒன்றுமில்லாமல் போய்விடும். தராசு கெட்டுப்போகக் கூடாதா என்றுகூட நினைத்தார்.

"ரெண்டும் அச்சு அசலா ஒரே எடைங்க" என்றார் எடை போடுபவர். ஒரே எண்ணை இரண்டு முறை எழுதிக்கொண்டார்.

அண்ணன் தன் படகுக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஈயம் அங்கேயேதான் இருந்தது.

பிறகு தங்கையின் படகுக்குள் தலையை நுழைத்தார். அதே முன்மூலை. அதே அளவில் ஓர் ஈயக்கட்டி. சுற்றிக் கட்டியிருந்தது அவளுடைய பள்ளிச் சீருடையின் நீல இடுப்புப் பட்டை.

ஆக, அவள் ஜெயித்ததெல்லாம் ஜெயித்ததுதான்.

தலையை வெளியே எடுத்தபோது தங்கை பக்கத்தில் நின்றிருந்தாள். நரைத்த தலையோடு, கையும் களவுமாக மாட்டிக்கொண்ட பத்து வயது முகம்.

"அப்பாகிட்ட சொல்லிடாதண்ணா" என்றாள்.

சொல்லமாட்டேன் என்று அவர் தலையாட்டினார்.