குளிர்பெட்டிச் சம்பந்தம்

மலையுச்சியில் குளிர் போய்விட்டதால், அங்கே பூத்த காட்டுக் காசித்தும்பைகளை இப்போது சென்னைக் குடும்பங்கள்தான் குளிர்பெட்டியில் வளர்க்கின்றன, வீட்டுக்கு ஓர் இனமாக. பிலோமினா வீட்டில் வெள்ளை. எதிர்வீட்டுக் கோதை வீட்டில் இளஞ்சிவப்பு. இனம் கலந்துவிடும் என்பதால், இரண்டையும் ஒன்றாக வைக்கவே கூடாது என்பது சட்டம்.

கோடையில் கோதையின் பெட்டி பழுதானது. வாசலில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், தொட்டியும் கையுமாக வந்து நின்று அழுதாள். பிலோமினாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் பெட்டியிலேயே இடம் கொடுத்தாள். கூடவே ஓர் ஈயும் உள்ளே போனதை இருவரும் கவனிக்கவில்லை.

சில மாதங்களில் மூன்றாவதாக ஒரு செடி முளைத்து, வளர்ந்து, இரண்டு நிறமும் கலந்து பூத்தும்விட்டது. சோதனைக்கு வந்த அதிகாரி கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

“இனம் கலந்துபோச்சு. வேற வேற இனம் கலந்து வந்த செடி காய்க்கவே காய்க்காது. மூணையும் எடுத்துட்டுப் போறேன்.”

அவர் தொட்டியைத் தூக்கக் குனிந்தார். விரல் பட்டதும், புதுச்செடியின் இலைக்கடியில் இருந்த காய் ஒன்று பட்டென்று வெடித்து, விதைகள் அவர் மூக்குக்கண்ணாடியில் தெறித்தன. திகைத்தவர் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

“காய்ச்சிருக்கேம்மா! அப்போ ரெண்டும் ஒரே இனம்தான். நிறத்தைப் பார்த்துப் பிரிச்சு வச்சது எங்க தப்பு. இங்கேயே இருக்கட்டும்.”

அவர் படியிறங்குவதற்குள், எதிர்வீட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கோதை வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“உள்ள வரலாமா, சம்பந்தி?”

பிலோமினா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்க, வாங்க. ஆனா மாப்பிள்ளை வீடு நாங்கதான், இப்பவே சொல்லிட்டேன்!”