சிவப்பு வந்தா இழுப்பேன்

“தம்பி, உங்க திரை பொய் சொல்லுதுன்னு சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் பையைத் தூக்கிட்டு வந்தீங்க. நல்லா இருக்கணும்.”

விஞ்ச்காரி புரோகிராமரிடம் டீயை நீட்டினாள். ஆலையின் ரசாயனத் தொட்டிக்குள் இறங்கிக் கசடு அள்ளுவது அவள் புருஷன். மேலே திரையைப் பார்த்துக்கொண்டு, அவனைக் கட்டியிருக்கும் கயிற்றை விஞ்ச் உருளையில் சுற்றி இறக்கி ஏற்றுவது அவள். அவன் இடுப்பில் ஒரு பெட்டி. ஆள் அசைந்துகொண்டிருக்கும் வரை அது பதில் சொல்லும். திரையில் பச்சை எரியும்.

போன வாரம் அவன் மேலே வந்து, பெட்டியை அணைத்து வைத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தான். திரையில் அப்போதும் பச்சை. அன்றைக்கே அவள் ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

“என்னதான் கோளாறு?”

புரோகிராமர் தலையைச் சொறிந்தான். “என் கோளாறுதான்க்கா. டைமர் நொடிக்கொரு தரம் சாக்கெட்ங்கற இணைப்பு வழியா பெட்டிகிட்ட ‘இருக்கியா’ன்னு கேட்கும். கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் அங்கேயே நிக்கிற மாதிரி எழுதிட்டேன். அது நின்னா மொத்தத் திரையும் நின்னுடும். கடைசியா போட்ட பச்சை அப்படியே கிடக்கும்.”

“பாலை அடுப்புல வச்சுட்டு, யாரு வர்றாங்கன்னு வாசல்ல நின்ன கதை!”

“அதேதான். இப்ப கேட்டுட்டு உடனே திரும்பிடும். பதில் வந்தா சாக்கெட்டே கூப்பிடும். வரலைன்னா டைமர் மூணு எண்ணிட்டு, சிவப்பு போட்டுக் கத்தும். நான் பக்கத்து ரூமுக்குப் போய், பெட்டியோட பதில் வர்ற ஒயரைப் பிடுங்கறேன். சிவப்பு வருதான்னு பாருங்க.”

தொட்டியின் வாயில் காலை விட்டிருந்த புருஷன் முறைத்தான். “சோதனைக்காக என்னை மூட்டை மாதிரி இழுத்தே, நடக்கறதே வேற.”

“சிவப்பு வந்தா இழுப்பேன். உன்கிட்ட உத்தரவெல்லாம் கேட்க மாட்டேன். இறங்குய்யா.”

அவன் இறங்கினான். புரோகிராமர் பக்கத்து அறைக்குள் போனான்.

கொஞ்ச நேரம் பச்சை. பிறகு திரை சிவந்து அலறியது.

“வந்துடுச்சு தம்பி!” கைதட்டிச் சிரித்துவிட்டு, சொன்னபடியே விஞ்சைச் சுழற்றினாள். கயிறு கனத்தது. வேண்டுமென்றே உடம்பை விட்டுத் தொங்குகிறான், கொழுப்பு.

“ஏணியில காலை வையேன்யா, சோம்பேறி!”

தலை மேலே வந்தது. ஒரு கையால் அவனை வளைத்து வெளியே சாய்த்தாள். காற்று பட்டதும் இருமினான். கண்ணைப் பாதி திறந்தான்.

“நடிப்பைப் பாரு!”

அறைக் கதவு திறந்தது. “அக்கா, ஒயர் இறுகிக் கிடக்கு, பிடுங்கவே வரலை. ஒரு ஸ்குரூடிரைவர் குடுங்க, அப்புறம் சோதனையை ஆரம்பிக்கலாம்.”

புருஷனைப் பிடித்திருந்த கையை விடாமல், மற்றொரு கையால் மட்டும் அவள் புரோகிராமரைக் கும்பிட்டாள்.