லயத்துக் கிணற்றுப் போத்தல்

எஸ்டேட் கணக்கு எழுதும் தர்மலிங்கம் கிராணி, சோதனைக்குப் போக வேண்டிய போத்தலை மூன்று முறை அலம்பினார். தம் வீட்டுக் கிணற்றில் நீர் மொண்டு நிரப்பி, 'லயத்துக் கிணறு' என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதிய சீட்டை அதன்மேல் ஒட்டினார்.

ரப்பர் மரங்களுக்கிடையே மண்டும் லாலாங் புல்லுக்கு அடிக்கும் பாஷாண மருந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கிணற்றில் இறங்கி, போன வருஷம் இரண்டு பேரைப் புதைத்தாயிற்று. பினாங்கிலிருந்து வந்த ரசாயன ஆய்வாளர் எர்னஸ்ட், கிணற்றைச் சுற்றிக் குழி வெட்டி, பட்டறை இரும்புத் தூளையும் சாணிக் கரைசலையும் கொட்டச் சொன்னார். இரும்பின் துருவும் சாணியில் இருக்கும் கிருமியும் விஷத்தைப் பிடித்துக்கொள்ளுமாம்.

கிராணிக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் 'என் மேற்பார்வையில் கிணறு சுத்தமாயிற்று' என்று பெரிய துரைக்கு ஏற்கெனவே எழுதிவிட்டார். தண்ணீரைக் குடிக்கப் போவது லயத்துச் சனம். பெரிய துரையின் மாலை விழப் போவது தம் கழுத்தில்.

மேற்பார்வை என்றால் சும்மாவா? லயத்தோரம் கிடந்த மருந்துப் பீப்பாய்களைக்கூடக் கிளப்பி, சாவி தம் இடுப்பிலேயே இருக்கட்டும் என்று தம் கொல்லையில் கிணற்றோரம் அடுக்கிப் பூட்டியிருந்தார். அதற்கும் ஒரு வருஷம் ஆகிறது.

"அப்பா, மறுபடியும் வாந்தி," என்றாள் பிரேமாவதி. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள். எட்டாம் மாதம்.

"புள்ளத்தாச்சின்னா அப்படித்தாம்மா. தண்ணி நெறையக் குடி. இந்த எஸ்டேட்லயே நம்ம கெணத்துத் தண்ணிதான் அமிர்தம்."

பத்து நாள் கழித்து எர்னஸ்ட் காகிதங்களோடு வீட்டுக்கே வந்தார். கூடவே ரப்பர் மரத்தில் பால் வெட்டும் மருதம்மாள். புதைத்த இரண்டில் ஒன்று அவள் பிள்ளை.

"லயத்துத் தண்ணி சுத்தம் சார். இனிமே குடிக்கலாம்," என்றார் எர்னஸ்ட்.

கிராணி சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டார். "பாத்தியா மருதம்மா? நான் நின்னு செஞ்ச வேலைலா. பெரிய தொரை வர்றப்ப நீயே வாயால சொல்லணும்."

"சொல்லிட்டாப் போச்சு, கிராணியாரே. ஆனா சுத்தம்னு வந்தது நான் மொண்டு குடுத்த போத்தல். நீங்க நின்னு செஞ்சதப் பாத்தவங்கதானே நாங்க, அதான் தனியா ஒண்ணு குடுத்து விட்டோம்."

எர்னஸ்ட் இரண்டாவது காகிதத்தைப் பிரித்தார். "உங்க போத்தல்ல புல் மருந்து இருக்கு சார். அந்த ரெண்டு பேர் செத்தப்ப இருந்ததைவிட மூணு மடங்கு. ஒரே கெணறுன்னா இப்படி வராது. எங்க மொண்டீங்க?"

கிராணி கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மாலை மட்டுமல்ல, வேலையும் போய்விடும்.

உள்ளே அடுக்களையில், பானை விளிம்பில் செம்பு இடிக்கும் சத்தம் கேட்டது.

"பிரேமா, அதக் குடிக்காதம்மா."