முகாமில் இருபத்தேழு பேர்

“தம்பி சொல்றான், நீங்க முதல்ல வாளை ஓங்கக் கூடாதாம். எதிராளி ஓங்குற வரைக்கும் சும்மா நிக்கணுமாம்.”

அண்ணன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீடியோ கேமில் அவனுடைய சாமுராய் வீரன் கடற்கரை மணலில் குப்புறக் கிடந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அது பதினோராவது முறை.

“நான் அவன்கிட்ட கேட்டேனா?”

“நீங்க கேக்கல. அவனாத்தான் சொன்னான்,” என்றாள் மனைவி.

“அதை நேர்ல வந்து சொன்னா வாய் வெந்துடுமா?”

“நீங்க கூப்பிட்டா வருவான்.”

அண்ணன் கூப்பிடவில்லை. உள்ளறையில் தம்பி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் கர்ரென்று கேட்டது. மூன்று மணிக்கு வண்டி வரும். தம்பி சாமான்களோடு தனி வீட்டுக்குப் போகிறான்.

சோபாவுக்கும் அந்த அறைக்கும் பத்தடி தூரம். இரண்டு மாதமாக அந்தப் பத்தடியை அவள்தான் நடந்துகொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. காலையில் போய் மதியமே வந்துவிடுவாள். சாயங்காலம் அண்ணனும் தம்பியும் வந்துவிட்டால் இந்த நடைதான்.

சண்டை இந்த ஆட்டத்தால்தான் வந்தது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாலு மாதமாக ஒரே கொள்கையோடு ஆடினான். மறைந்திருந்து கொல்வதில்லை, முதுகில் குத்துவதில்லை. எதிரியின் முன்னால் போய் நின்று, பெயரைச் சொல்லி, அப்புறம்தான் வாளை உருவுவான். ஆட்டத்தில் வரும் தீவின் ஜனங்கள் அவன் குதிரையைக் கண்டாலே குனிந்து வணங்கினார்கள்.

ஒருநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால், எதிரிகளின் வடக்கு முகாமில் இருபத்தேழு பேர் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தார்கள். யாரோ அவன் ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடி, முகாமின் தண்ணீர்ப் பீப்பாயில் விஷம் கலந்திருந்தார்கள். ஆட்டம் தானாகவே பதிவாகிவிட்டது. திரும்பிப் போக வழியில்லை. இப்போது ஜனங்கள் அவனைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள்.

“நான் ஃபுட்பால் கேமைத் தவிர எதையும் தொடுறதில்ல,” என்று அன்றைக்கே தம்பி சொன்னான்.

“வீட்டுல மூணு பேரு. ஒருத்தன் நான். ஒருத்தி அவ. மிச்சம் யாரு, குதிரையா?” என்று அண்ணன் கேட்டான்.

பேச்சு அதோடு நின்றது.

“அவன் போனா எல்லாரும் என்னைத்தான் சொல்லுவாங்க,” என்றாள் அவள். “வந்தவ அண்ணன் தம்பியைப் பிரிச்சுட்டாள்னு. உங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க.”

“தப்பை ஒத்துக்கச் சொல்லு. இருந்துட்டுப் போகட்டும்.”

அவள் சற்று யோசித்தாள்.

“இந்தத் தொப்பிக்காரனை ஜெயிச்சா, தம்பிகிட்ட பேசுவீங்களா?”

தொப்பிக்காரன் கடற்கரையில் வாளைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு வாரமாக அண்ணனால் அவனைத் தாண்ட முடியவில்லை.

“ஜெயிச்சா பாக்கலாம்.”

அவள் உள்ளே போனாள். முணுமுணுப்பு கேட்டது. திரும்பி வந்தாள்.

“அவன் வாளை உறைக்குள்ள போட்டா நீங்க பயந்து பின்னாடி போறீங்களாம். போகக் கூடாதாம். அப்பதான் பாய்வானாம். இடது பக்கம் உருளணுமாம்.”

“ஏன் இடது?”

“வலது பக்கம் உருண்டா வெட்டு தோள்ல விழுதுல்ல?”

விழத்தான் செய்தது. அண்ணன் இடது பக்கம் உருண்டான். செத்தான். ஆனால் தொப்பிக்காரனுக்குப் பாதி உயிர் போயிருந்தது.

“கவசத்தை மாத்தச் சொல்றான். அது கனமாம். வழிப்போக்கன் உடுப்பு ஒண்ணு இருக்காமே, அது லேசா இருக்குமாம்.”

“நீ இப்ப உள்ள போகவே இல்லையே?”

“முன்னாடியே சொன்னான். நான்தான் மறந்துட்டேன்.”

அண்ணன் உடுப்பை மாற்றினான். சாமுராய் பாதிப் பாரம் இறங்கியவனாக ஓடினான்.

“எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கான் பாரு. தொட்டதே இல்லன்னு சொன்னானே, திருட்டுப் பய.”

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மறுபடி உள்ளே போனாள். வரும்போது மணி இரண்டே முக்கால்.

“கடைசில மூணு வெட்டு சேர்ந்தாப்ல வரும். மூணையும் தட்டி விடணும். நாலாவது வராது. நாலாவது உங்களுதாம்.”

ஒன்று. இரண்டு. மூன்று. அண்ணன் பட்டனை அழுத்தினான். முதலில் தொப்பி விழுந்தது. அப்புறம் ஆள்.

அண்ணன் சோபாவின் மேல் ஏறி நின்று கத்தினான். என்னவோ ஏதோவென்று தம்பி கையில் டேப்போடு ஓடிவந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அவள் அண்ணனையே பார்த்தாள்.

“உக்காருடா,” என்றான் அண்ணன், இறங்கி.

தம்பி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“நல்லாத்தான் சொல்லிக் குடுத்த. போகுது, விஷம் வச்சதை நான் மறந்துட்டேன். வண்டிக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடு.”

“நான் என்ன சொல்லிக் குடுத்தேன்?”

“இடது பக்கம் உருளணும், நாலாவது வெட்டு நம்மளுது, அதெல்லாம்தான்.”

“அண்ணி சாப்பிட்டியான்னு கேட்டாங்க,” என்றான் தம்பி. “மூணு தடவை வந்து அதையேதான் கேட்டாங்க. இந்த ஆட்டத்துல யாரு எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாதுண்ணே.”

இருவரும் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்கள்.

“இருபத்தேழு பேரு,” என்றாள் அவள். “ஒவ்வொருத்தன் முன்னாடியும் போய் நின்னு, பேரைச் சொல்லி வெட்டிக்கிட்டு இருக்க முடியுமா? அடுப்புல பால் வச்சிருந்தேன்.”