நாலு மணிக்கு மேவா

"அப்பா, மணி நாலாகப்போகுது. ரேடியோவைப் போடட்டுமா?"

"வேண்டாம் கலினா. நேத்து அதைக் கேட்டுட்டு ராத்திரி பூரா நீ தூங்கலை."

ஒன்பது வயசுப் பெண் கேட்டால்தானே. ஏரி நடுவில் மிதந்த வாடகைப் பாய்மரப் படகில் உட்கார்ந்து, படகுத்துறையில் கொடுத்த கை ரேடியோவை பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா இரெனியூஷ் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ரேடியோவில் பேசுகிற பெண் பிள்ளையைப் பயமுறுத்துகிறாள் என்று எழுதிய புகார்க் கடிதம் பத்திரமாக இருந்தது.

"ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு சார். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. மூணாவது வந்ததும் அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்று காலையில்தான் துறை மேலாளர் சொல்லியிருந்தார்.

அந்தம்மாவின் பெயர் லெயோகாதியா. துறையின் ரேடியோ அறையில் வேலை. தினமும் நாலு மணிக்கு 'மேவா' என்ற படகைக் கூப்பிடுவாள். அது எப்போதோ ஆளோடு மூழ்கிய படகு என்று துறைப் பிள்ளைகள் கலினாவிடம் சொல்லியிருந்தார்கள்.

"கர்ர்..." என்றது ரேடியோ. பிறகு அந்தக் குரல். அழுகை இல்லை, அவசரம் இல்லை. அடுத்த அறையில் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

"மேவா... மேவா... எங்கப்பா இருக்கீங்க? மேற்கே வெள்ளையா மேகம் சுருண்டு வருது. பாயை இறக்குங்க. மிதவைச் சட்டையை மாட்டுங்க. நாணலுக்குள்ள ஒதுங்குங்க. கேக்குதா மேவா?"

யாரும் பதில் சொல்லவில்லை. ஒருநாளும் சொன்னதில்லை.

கலினா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஹொனராத்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"செத்தவங்களுக்கு மிதவைச் சட்டை எதுக்காம்?" இரெனியூஷ் சிரித்தார். "வானத்தைப் பாரு. செல்போன்லயும் சூரியன் படம்தான் போட்டிருக்கு."

ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. ஓர் அலை இல்லை. அதுவரை கத்திக்கொண்டிருந்த நீர்ப்பறவைகள் ஒன்றைக்கூடக் காணோம்.

"என்னங்க, அங்க பாருங்க."

தூரத்தில் இருந்த படகு ஒன்று பாயை இறக்கியது. பிறகு இன்னொன்று. அப்புறம் நாலைந்து. யாரும் கத்தவில்லை, கையசைக்கவில்லை. எல்லாப் படகும் சத்தமில்லாமல் கரைப்பக்கம் திரும்பின.

"இவங்களுக்கெல்லாம் பைத்தியமா?"

"இருக்கட்டும். நாமளும் அந்தப் பைத்தியத்தோட போவோம். பிள்ளை நடுங்குது." ஹொனராத்தா மகளுக்கு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, இன்னொன்றைப் புருஷன் மடியில் போட்டாள்.

முணுமுணுத்துக்கொண்டே பாயை இறக்கி, மோட்டாரைப் போட்டார். படகின் மூக்கு நாணலுக்குள் நுழைந்த நேரம், பின்னால் ஏரி வெள்ளையாகிவிட்டது.

மழையா அலையா தெரியவில்லை. பத்து நிமிஷம். படகுக் கயிற்றை நாணல் தூரில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் படகுக்குள் தரையோடு தரையாகக் கிடந்தார்கள். சற்றுமுன் அவர்கள் மிதந்துகொண்டிருந்த இடத்தில் ஆளுயர அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஹொனராத்தாவின் வாயில் ஜெபம் பாதியில் நின்று நின்று வந்தது.

காற்று அடங்கியதும் ரேடியோ திரும்பப் பேசியது. அதே குரல் இப்போது ஒவ்வொரு படகாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. ஒவ்வொருவராக, "இருக்கோம்மா", "எல்லாரும் இருக்கோம்" என்றார்கள். இருபத்திரண்டு படகு.

கடைசியாக இவர்கள் படகின் பெயர் வந்தது.

"இருக்கோம்" என்றார் இரெனியூஷ்.

துறைக்குத் திரும்பியதும் நேரே ரேடியோ அறைக்குப் போனார். லெயோகாதியா ஒரு நோட்டில் பெயர்களுக்கு நேராகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். கழுத்தில் சின்ன மாதா பதக்கம்.

"மேலாளர் காலையிலேயே எங்கிட்ட சொல்லிட்டார், ஆறு மணி வரைக்கும் இருப்பார் சார்" என்றாள், அவர் சட்டைப்பையைப் பார்த்து. "கடுதாசி நனைஞ்சிருக்கும். அடுப்புப் பக்கம் காயவச்சுக் கொண்டுபோங்க."

அவர் அந்த நோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"எங்க போறோம், எப்ப வருவோம்னு காலையில இதுல எழுதச் சொன்னீங்க. நான் எழுதலை. எங்க படகு பேரு எப்படி வந்தது?"

"நானே எழுதிக்கிட்டேன். 'மூணு பேர், சிவப்புத் தொப்பி போட்ட பொண்ணு'ன்னு."

இரெனியூஷ் நோட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"ஒரு படகை விட்டுட்டீங்களேம்மா. மேவாவை."

லெயோகாதியா வாசலை எட்டிப் பார்த்தாள். கலினா தூரத்தில் அம்மாவோடு நின்றிருந்தாள்.

"அப்படி ஒரு படகே இந்த ஏரியில கிடையாது சார்."

"என்னது?"

"பத்து வருஷம் காத்து நிலவரம் வாசிச்சேன். ஒருத்தர்கூட ரேடியோவைப் போடலை. உங்களை மாதிரிதான், 'செல்போன் இருக்கு'ம்பாங்க. ஒரு கோடையில ரெண்டு பிள்ளைங்களைத் தண்ணியிலேருந்து தூக்கிட்டு வந்து இந்த வாசல்ல கிடத்தினாங்க. அடுத்த வருஷம் அதே காத்து நிலவரத்தை மேவாவைக் கூப்பிட்டுச் சொல்ற மாதிரி சொல்ல ஆரம்பிச்சேன். இப்ப நாலு மணிக்கு ஒரு ரேடியோகூட மூடியிருக்காது. வர்ற பிள்ளைங்ககிட்ட கதையைச் சொல்லி வைக்கறதும் நான்தான்."

"பொய்தானேம்மா இது?"

"பொய்தான். மாசாமாசம் பாவமன்னிப்புல சொல்லிட்டுதான் இருக்கேன். 'சரி, அடுத்த மாசமும் வந்து சொல்லு'ங்கறார் சாமியார்."

அதற்குள் கலினா ஓடிவந்து அப்பாவின் ஈரச் சட்டையைப் பிடித்தாள்.

"அப்பா, மேவாவுல இருக்கிறவங்க கிடைச்சிட்டாங்களா?"

இரெனியூஷ் ஊறிப்போன கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து, மேஜையடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டார்.

"இன்னும் இல்லடா கண்ணு. நாளைக்கும் கூப்பிடுவாங்க. நாலு மணிக்கு ரேடியோவைப் போட எனக்கு ஞாபகப்படுத்து."