தலைவரின் மைக்

மத்திய அரசின் அணையைத் திறந்துவிட்டதில் கீழே இருந்த மாநிலத்தில் சில ஊர்கள் மூழ்கிப்போயின. திறப்பதற்கு முன் இரண்டு அரசுகளும் பேசிக்கொண்டனவா என்று நாடாளுமன்றக் குழு விசாரித்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் ஒரு ஏற்பாடு உண்டு. தலைவரின் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தால் மற்ற மைக்குகள் எல்லாம் தாமாக அணைந்துவிடும். மைக்கில் விழாத பேச்சு பதிவாகாது.

மாநில அமைச்சர் பூங்கோதை தொடங்கினார். "தண்ணி ஊருக்குள்ள வர்ற வரைக்கும் எங்களுக்கு ஒரு தகவலும் இல்லைங்க..."

குழுத் தலைவர் வைத்தியலிங்கம் இரக்கமுள்ள மனிதர். பொத்தானை அழுத்தி, "சொல்லுங்கம்மா, கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்" என்றார். பூங்கோதையின் மைக் அணைந்தது.

தலைவரின் விளக்கு அணைந்ததும் பூங்கோதை மறுபடி தொடங்கினார். பள்ளி விடுதியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பற்றி அவர் சொல்லும்போது தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தயங்காம சொல்லுங்கம்மா." மறுபடியும் அணைந்தது. பூங்கோதையின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பிறகு அவர் எழுந்தார். நீண்ட மேசையைச் சுற்றி நடந்துவந்து, இன்னும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்த தலைவரின் மைக்கை நோக்கிக் குனிந்தார்.

"திறக்கறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னாங்களா? அவங்களே சொல்லட்டுங்கய்யா."

எல்லோரும் எதிரே இருந்த மத்திய அரசின் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தலைவரின் விரல் பொத்தானுக்கு மேல் வந்து நின்றது. விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. யாரும் பேசாத அந்த நேரம் முழுவதும் பதிவாகிக்கொண்டிருந்தது.